ஏலம் போன காற்று

சூசைப்பட்டிக்கு டவர் வந்தது போன ஆடி மாதம். அதுவரைக்கும் அந்த ஊரில் போன் என்பது மணி பார்க்கவும் படம் பிடிக்கவும்தான். கிழக்கே மேகமலை, தெற்கே அதிலிருந்து இறங்கி வரும் ஒரு பாறைக் குன்று, கரடு. இரண்டுக்கும் நடுவே குழிக்குள் உட்கார்ந்த மாதிரி நூற்றைம்பது வீடு, ஒரு வேதக்கோயில், மீதியெல்லாம் திராட்சைப் பந்தல். சின்னமனூரிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவர்கள் கடைசி வளைவு திரும்பியதும் பேச்சைப் பாதியில் விட்டு, போனை மடியிலோ பையிலோ போட்டுக்கொள்வார்கள்.

செலினுக்கு மட்டும் போன் பேச ஒரு இடம் இருந்தது. கரட்டின் மேல் சிலுவைப்பாதைக்காகப் பதினான்கு சிமெண்டுச் சிலுவைகள் நட்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் முதல் சிலுவை, உச்சியில் கடைசி. ஆறாவது சிலுவைக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் காட்டும். திராட்சை வெட்டுக்குப் போய்விட்டு வந்து, கைகால் கழுவி, அங்கே ஏறிப்போய்க் குவைத்தில் இருக்கும் மகளோடு பேசுவாள். மகள் இவாஞ்சலின் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காற்றடிக்கிற மாதங்களில் அவள் சொல்வதில் பாதி கேட்காது. கேட்ட பாதியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, புருஷனிடம் முழுசாகச் சொல்வாள் செலின்.

புருஷன் ஆரோக்கியசெல்வத்தை மைக்செட் செல்வம் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில். காதுகுத்து, கல்யாணம், சாவு வீட்டுக் கேதம், கோயில் திருவிழா எதற்கும் அவருடைய குட்டியானை வண்டி வந்து நிற்கும். வேலையில் அவருக்கென்று சில வழக்கங்கள் உண்டு. குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவதற்கு முன்னால் தெருவில் ஒரு நடை நடந்து, எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்வார். அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் குழாய் நிற்கும். பள்ளிக்கூடப் பரீட்சைக் காலம் என்றால் யாரும் சொல்லாமலே சத்தத்தைக் குறைத்து வைப்பார். அதனாலேயே சில ஊர்களில் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

டவர் நின்றது பிரான்சிஸின் தோட்டத்து மூலையில். பிரான்சிஸ் செல்வத்தின் அக்காவைக் கட்டியவர். கொடி பட்டுப்போன அந்த மூலையைப் போன் கம்பெனிக்காரர்கள் கேட்டபோது யோசிக்காமல் கொடுத்துவிட்டார். டவர் வேலிக் கேட்டின் சாவியும் அவர் பொறுப்பில்தான். டவர் ஓட ஆரம்பித்த அன்றைக்குச் சாயங்காலம் செலின் அடுப்படியில் நின்றபடியே மகளின் முகத்தைப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த மொச்சைக் குழம்பைப் போனில் காட்டினாள். அந்தப் பக்கம் இவாஞ்சலின் வாயில் எச்சில் ஊறுகிறது என்று சொல்லி அழுதாள். அதற்குப்பிறகு தினமும் சாயங்காலம் அந்தப் போன் உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கும். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் இவள் காய் நறுக்குவாள், அவள் துணி மடிப்பாள். புரட்டாசியில் ஒருநாள் அப்படி மடித்துக்கொண்டே, முழுகாமல் இருக்கிறேன் என்று இவாஞ்சலின் சொன்னாள்.

மைக் கெட்டுப்போக ஆரம்பித்ததும் அந்த வருஷக் கடைசியில்தான்.

செல்வத்திடம் நாலு கார்ட்லெஸ் மைக் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரைக்குப் போய் வாங்கியது. முக்கியமாகப் பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்காகத்தான் வாங்கினார். கரட்டின் மேலே வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. பாட்டுப் பாடி, ஒவ்வொரு சிலுவையிலும் நின்று அந்தத் தலத்துக்கான செபம் வாசிக்கிறவள் செலின். கார்ட்லெஸ் வருவதற்கு முன்னால் அவள் தொண்டைக்குத்தான் அந்த வேலை. முன்னால் போகிறவர்கள் ஏழாவது தலத்தில் முழங்காலிடும்போது பின்னால் வருகிறவர்கள் ஐந்தாவது தலத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள். கார்ட்லெஸ் வந்தபிறகு ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் முழங்காலிட்டது.

ஆடிக்குப்பிறகு ஊருக்குள் கார்ட்லெஸ்ஸை எடுத்தது கிறிஸ்துமஸ் பூசைக்குத்தான். அதில் மைக் முதல்தடவை நின்றது. கர்ரென்று ஒரு இரைச்சல், அப்புறம் ஒன்றுமில்லை. பாட்டரியை மாற்றினார், சரியாயிற்று, மறுபடி நின்றது. தை மாதம் மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று பிரியப்பட்டார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பந்தலில் சிரித்துவிட்டார்கள். அந்த மனிதர் மைக்கைச் செல்வத்தின் கையில் திணித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். செல்வத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தேவாரம் பக்கம் ஒரு கேதத்தில் அதே மைக் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓடைப்பட்டியில் ஓடவில்லை. ஓடுகிற ஊர், ஓடாத ஊர் என்று அவர் மனசுக்குள் பிரித்துப் பார்த்ததில், புதிதாக டவர் வந்த ஊர்களில்தான் மைக் செத்துப்போகிறது என்று பட்டது. மைக் நாலையும் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

கடைக்காரர் மைக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மைக்ல ஒண்ணும் இல்லண்ணே. இது ஓடுற அலை டிவிக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தது. டிவிக்காரக அதுல பாதியத் தொடவே இல்ல, சும்மா கெடந்துச்சு. நம்ம மைக்கெல்லாம் அந்தச் சந்துலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப கவர்மெண்ட்டு அத ஏலம் விட்டுருச்சு. போன் கம்பெனி எடுத்துருச்சு."

"காத்தையா ஏலம் விட்டாக?"

"காத்துல போற அலைய."

வேறு அலையில் ஓடுகிற மைக் இருக்கிறதா என்று செல்வம் கேட்டார். இருக்கிறது என்றார் கடைக்காரர். அந்த அலையை விற்கமாட்டார்களா என்றும் கேட்டார். அதற்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்று கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். செல்வம் பழைய மைக்குகளையே பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

தேனியில் மைக்செட்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் வீரபாண்டி ஊர்க்காரரான அம்மாவாசி. திருவிழா நாடகங்களுக்கு மைக் கட்டுகிறவர், செல்வத்துக்கு வெகுநாள் கூட்டாளி. அவர் போட்ட கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். எல்லோர் கதையும் ஒரே கதைதான். கம்பத்தில் ஒருவருக்கு மாப்பிள்ளை வீட்டார் வாடகையே தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டிபட்டிக்காரர் ஒருவர், மைக்கைச் சுவரில் அடித்து உடைத்த கதையைச் சொல்லிவிட்டுத் தானே வருத்தப்பட்டார். கடைசியாக அம்மாவாசி எழுந்து பேசினார்.

"ஏரியல் வச்சு டிவி பாத்தோம். அத நிப்பாட்டுனாக. சரின்னு டிஷ்ஷ மாட்டுனோம். இப்ப டிவி ஓடுன அலையவும் வித்துப்புட்டாக. விக்கிறவுக விக்கட்டும். அதுல யாரு பொழைக்கிறா, எவன் என்ன தொழில் செய்றான்னு ஒரு வார்த்தை கேட்டாகளா? பேப்பர்ல ஒரு வரி போட்டாகளா?"

மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். மனு கொடுக்கிற வரிசை மரத்தடி வரைக்கும் நின்றது. பட்டா கேட்டு வந்தவர்கள், முதியோர் பணம் வராதவர்கள், இடையில் கழுத்தில் துண்டோடு இந்தப் பதினைந்து மைக்செட்காரர்கள். மனு வாங்கிய அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். முழுசாக வாசித்தார். இது டெல்லி சம்பந்தப்பட்ட விஷயம், மேலே அனுப்பி வைக்கிறேன் என்றார். பிறகு, குற்றமாக இல்லாமல் தெரிந்துகொள்வதற்காகவே, இந்த மைக்குகளுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்குக்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளியே வந்து ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

செல்வத்துக்கு அந்தக் கேள்விதான் நெஞ்சில் நின்றுவிட்டது. அடுத்தவன் தோட்டத்தில் விழுந்து கிடக்கிற தேங்காயைக்கூட எடுக்காத மனிதர். இத்தனை வருஷம் உரிமை இல்லாத இடத்தில் நின்று தொழில் செய்திருக்கிறோமோ என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, செலின் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "கரட்டுல ஆடு மேய்க்கிறவுக என்ன லைசென்ஸா வாங்குறாக? சும்மா கெடக்குற எடத்துல மேய்ச்சாக. வேலி போடுறவுக ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போட்டா என்னவாம்," என்றாள். அவர் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குள்ளேயே சிலுவைப்பாதை நடந்தது. மூன்றாம் தலத்தில் செலின் கையிலிருந்த மைக் நின்றது. அவள் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு வெறும் தொண்டையில் பாடி முடித்தாள். கோயிலுக்குள் அது போதும். கரட்டில் போதாது.

பூசை முடிந்து ஊர்க் கமிட்டி மர நிழலில் கூடியது. பெரிய வெள்ளிக்குத் தேனியிலிருந்து வேறு பார்ட்டியைக் கூப்பிடலாமா என்று ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததைப் பார்த்ததும் பேச்சு திசைமாறியது. ஊரில் எல்லோருக்குமே அவர்மேல் ஒரு பிரியம் இருந்தது. கோபமெல்லாம் டவர் பக்கம் திரும்பியது. யாரைக் கேட்டு விற்றார்கள் என்றார் ஒருவர். டவர் வந்து போனுக்கு மாசக்கட்டணம் இரண்டு தடவை ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் ஜெபஷீலா எழுந்து, பெரிய வெள்ளி அன்றைக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் டவரை அமத்திவிட்டால் என்ன, மூன்று மணி நேரம் போன் இல்லாமல் ஆண்டவர் பாடுகளைத் தியானிக்க முடியாதா என்று கேட்டாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பங்குச் சாமியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிரான்சிஸுக்கு மட்டும் தயக்கம். கம்பெனிக்காரர்கள் கேட்டால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். ரொம்ப நேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "நான் தொட மாட்டேன் மச்சான். சாவிய உங்கிட்டத் தாரேன். நீ போயி அமத்திக்க. கேட்டா கரண்டு போச்சுன்னு சொல்லிக்கிறேன்," என்றார்.

செல்வம் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நடையே வேறு மாதிரி இருந்தது. மைக் நாலையும் துடைத்துப் புதுப் பாட்டரி வாங்கி வைத்தார்.

பெரிய வாரம் பிறந்தது. திராட்சை வெட்டு உச்சத்தில் இருந்தது. மேற்கே கேரளத்து மலைமேல் தினமும் மதியத்துக்கு மேல் மேகம் கருக்கல் கட்டும். மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும் என்று விடியும் முன்பே வெட்ட ஆரம்பித்தார்கள். செலின் பந்தலுக்குக் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் கொத்து கொத்தாக வெட்டி, வெம்பலும் வெடிப்பும் கிள்ளிப் போட்டு, பெட்டியில் அடுக்குவாள். செவ்வாய்க்கிழமை அப்படி அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் மருமகன் சுந்தர்ராஜ் குவைத்திலிருந்து போன் பண்ணினான். இவாஞ்சலினுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆனால் வைத்துப் பார்க்க முடியாது என்கிறார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வெள்ளிக்கிழமை நம்ம ஊர் நேரத்துக்கு மதியவாக்கில் பிள்ளையை எடுத்துவிடுவார்களாம்.

தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லையே என்று செலின் ஏற்கெனவே உள்ளுக்குள் அரைபட்டுக்கொண்டிருந்தாள். லீவு கிடைக்கவில்லை. விசா, டிக்கெட் என்று இவள் போகவும் வழியில்லை. பிள்ளைக்கென்று தைத்து வைத்த பழந்துணிச் சட்டைகள் பெட்டியிலேயே இருந்தன. பேசி முடித்துவிட்டு மறுபடி பழம் அடுக்க உட்கார்ந்தாள். நல்ல பழத்தையும் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்ன பிறகுதான் கையை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டிலிருந்து மூன்று. அந்தக் கணக்கு இரண்டு பேருக்குமே உடனே தெரிந்தது. ஆனால் இரண்டு நாள் யாரும் அதைப் பேசவில்லை.

வியாழக்கிழமை மதியம் செல்வம் தோட்டத்துக்கு வந்தார். பந்தல் நிழலில் செலின் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் டவர் சாவி.

"நாளைக்கு அந்த நேரத்துல போனு வந்தா..." என்று ஆரம்பித்தார்.

"வராது. டவரு இல்லாம எப்பிடி வரும்."

"நீ என்ன சொல்ற?"

"நான் வேணாம்னு சொல்லணும்னு பாக்குறீக. நான் சொல்ல மாட்டேன்." அவள் சோற்றைப் பிசைந்தாள், வாயில் வைக்கவில்லை. "ஊரு ஒங்களுக்காக ஒண்ணு செய்யணும்னு நெனச்சிருக்கு. ஒருநாளும் யாரும் நமக்குன்னு இப்பிடிக் கூடி நின்னதில்ல. அதப் போயி நான் கெடுக்கவா? எம்மகளுக்காக ஊரு செபத்தக் கெடுத்தான்னு பேரு வாங்கவா?"

"யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாக."

"சொல்ல மாட்டாக. நெனைப்பாக." பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டு சொன்னாள்: "இந்தக் காரியத்துல நானும் ஒரு ஆளு. மூணு வருசமா அந்த மைக்குலதான் பாடுறேன். அது செத்துப்போனா எனக்கும் வலிக்காதா? ரெண்டும் எனக்கு வேணும். எத வேணாம்னு சொல்ல? நீங்க ஒங்க மனசுக்குத் தோணுனதச் செய்ங்க."

அவர் தூக்குவாளி மூடியில் கொஞ்சம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப்பிறகுதான் அவளும் சாப்பிட்டாள்.

பெரிய வெள்ளி காலை ஏழு மணிக்கு, கரட்டில் குழாய்களைக் கட்டி முடித்துவிட்டுச் செல்வம் டவருக்குப் போனார். கேட்டைத் திறந்து உள்ளே நின்றார். இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரே சீராக இரைச்சல் வந்துகொண்டிருந்தது. எந்த ஸ்விட்ச், பாட்டரிக்கு எது, எல்லாம் பிரான்சிஸ் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்து தடுமாறாமல் இருக்க இப்போதே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சுந்தர்ராஜ் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பச்சைக் கவுனில் இவாஞ்சலின் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி ஏற்றியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. ஊசி இல்லாத கையை ஆட்டிச் சிரித்திருந்தாள். கீழே, மதியத்துக்குள் உள்ளே கூட்டிப்போவார்கள் மாமா, செபியுங்கள் என்று எழுதியிருந்தான்.

செல்வம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். டவர் வராமல் இருந்திருந்தால் இந்த நேரத்துக்குச் செலின் ஆறாவது சிலுவைப் பக்கம் நின்று, காற்றில் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். மைக் ஓடியிருக்கும். அவர் வெளியே வந்து கேட்டைப் பூட்டினார். அங்கே நின்றபடியே அம்மாவாசிக்குப் போன் போட்டார்.

அம்மாவாசி வீரபாண்டித் திருவிழாவுக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்தார். மைக் வயர் எத்தனை ரோல் இருக்கும் என்று செல்வம் கேட்டார். உனக்கு எத்தனை வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார். பத்து மணிக்கெல்லாம் எக்ஸெல் மொபெட்டில் முன்னும் பின்னும் வயர் ரோலைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறும் சட்டையெல்லாம் புழுதியுமாக வந்து இறங்கினார். இருவரும் குட்டியானையின் நிழலில் உட்கார்ந்து தங்கள் இரண்டு பேர் வயரையும் ஒன்றோடொன்று இணைத்தார்கள். இணைப்புக்கு இணைப்பு டேப் சுற்றினார்கள். அடிவாரத்தில் ஆம்ப்ளிஃபையர் வண்டி. அங்கிருந்து உச்சிச் சிலுவை வரைக்கும் ஒரே வயர், நானூறு மீட்டருக்கு மேல் வந்தது.

பதினொன்றரைக்கு ஊர் கோயில் முன்னால் கூடியபோது செல்வம் மைக்கில்லாமல் பேசினார். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை.

"டவர அமத்தல. எம்மகளப் பிரசவத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போறாக. அவ ஆத்தாளுக்குச் சேதி வரணும். ஊரு சொன்னத மீறிட்டேன், மன்னிச்சுக்கங்க. பாட்டு நிக்காது. வயரு போட்டுருக்கேன். பாதையில முள்ளும் கல்லும் கெடக்கு, தரையில இழுத்தா அறுந்துரும். ஆளுக்கொரு எடத்துல தூக்கிப் புடிச்சாப் போதும்."

செலின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரான்சிஸ் மூச்சு விட்டது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. ஜெபஷீலாதான் முதலில் முன்னால் வந்தாள். அவள் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. தன் புருஷன் திருப்பூரில் இருக்கிறான், டவர் இருந்தால்தான் தனக்கும் பேச்சு என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, வயரின் நுனியைக் குனிந்து எடுத்தாள்.

பன்னிரண்டு மணி வெயிலில் பாறை சுட்டது. செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்னால் மரச்சிலுவை, அதற்குப் பின்னால் சாமியார், செலின். அவள் கையிலிருந்து வயர் பின்னால் ஓடியது. ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி நின்று தலைக்குமேல் பிடித்தார்கள். அவள் ஒரு தலத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது வயர் கைக்குக் கை நகர்ந்தது. பிடிக்கிறவர்களுக்குத் தோள் வலித்தது, ஆள் மாறினார்கள். உடைமுள்ளில் ஒருதரம் சிக்கியது. சுந்தரி மகள் திரிஷா முள்ளுக்குள் இறங்கி எடுத்துவிட்டு ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நீள வயரில் லேசான ஓர் இரைச்சல் இருந்தது. ஆனால் ஒரு சொல்கூட விழவில்லை. கரடு முழுக்க ஒரே நேரத்தில் முழங்காலிட்டது.

அடிவாரத்தில் வண்டிக்குள் செல்வம் ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்கார்ந்திருந்தார். செலின் தன் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள். ஆறாம் தலம், ஏழாம் தலம், ஒன்பதாம் தலம் போய்விட்டது. போன் வரவில்லை. அம்மாவாசி வண்டியின் நிழலில் குத்தவைத்துக்கொண்டு, கும்பிடுகிறவர்களைப் பார்த்துத் தானும் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் தலத்தில், இயேசு சிலுவையில் உயிர்விட்ட இடத்தில், எல்லோரும் பேச்சில்லாமல் முழங்காலில் இருக்கிற நேரம் போன் அடித்தது. செல்வம் அதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார். சுந்தர்ராஜ் பேசினான். பெண்பிள்ளை. இரண்டே கால் கிலோ. கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், பயமில்லை. இவாஞ்சலினுக்கு நினைவு வந்துவிட்டது, அம்மா எங்கே என்று கேட்டாள்.

அவருக்கு ஓடவேண்டும் போல இருந்தது. ஆம்ப்ளிஃபையரை விட்டுப் போக முடியாது. வயரின் இந்தக் கோடியில் பிரான்சிஸின் சம்சாரம், செல்வத்தின் அக்கா, முழங்காலிலேயே கையைத் தூக்கி வயரைப் பிடித்திருந்தாள். அவள் காதில் சொன்னார். அக்கா கண்ணைத் துடைக்கக்கூட வயரை விடவில்லை. அடுத்தவள் பக்கம் சாய்ந்து சொன்னாள். அவள் அடுத்த ஆளிடம். பேசக்கூடாத நேரம் என்பதால் எல்லோரும் வாயைக் காதோடு வைத்தே சொன்னார்கள். கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்த செல்வத்துக்கு ஒவ்வொரு தலையாகச் சாய்ந்து நிமிர்வது தெரிந்தது. பாதை பாறைக்குப் பின்னால் திரும்புகிற இடத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார்.

குழாயில் செலினின் குரல் வந்தது. "பதின்மூன்றாம் தலம். இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிறார்கள்."

இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேர் குரலைக் கேட்டவர் அவர். அந்த வரியில் சேதி எட்டியதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்துச் செபத்தைத் தொடங்கினாள். இரண்டு வார்த்தை வாசித்தாள். நின்றாள். மூச்சை இழுக்கிற சத்தம் கரடு முழுக்கக் கேட்டது. யாரோ பக்கத்தில் "வாசி ஆத்தா" என்று சொன்னதும் குழாயில் விழுந்தது. அதற்குப்பிறகு அவள் வாசித்த விதத்தில், சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று செல்வத்துக்குத் தெரிந்தது. அம்மாவாசி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். செல்வம் இரண்டு கையையும் விரித்துப் பிள்ளையின் அளவைக் காட்டினார். அம்மாவாசிக்கு அது போதும்.

மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கி வந்து கோயில் வாசலில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குச் செலினின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்கள். பெரிய வெள்ளியாச்சே என்று இனிப்பு யாரும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புத் திருநாளுக்குச் சேர்த்துக் கேட்போம் என்றார்கள். மேற்கே கருக்கல் கட்டி, நாலு தூறல் போட்டுவிட்டு விலகிப் போனது. அம்மாவாசி விரதக் கஞ்சியை இரண்டு தட்டு குடித்துவிட்டு, வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு திருவிழா வேலைக்குத் திரும்பினார். போகும்போது எழுதி வைத்திருந்த புது மனுவைச் செல்வத்திடம் கொடுத்து, திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறோம், வந்துவிடு என்றார். ஒரு தடவை வயர் போட்டுச் சமாளித்துவிட்டாய், ஆடி மாதம் தேர்ப் பவனிக்கு என்ன செய்வாய் என்றும் கேட்டார். செல்வம் தலையாட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் செலின் மனுவை வாங்கி வாசித்தாள். மைக்குக்கு இடைஞ்சலான டவர்களை அகற்றவேண்டும் என்று அம்மாவாசி எழுதியிருந்தார். அந்த வரியை அவள் பேனாவால் அடித்தாள். அம்மாவாசிக்குப் போன் போட்டு, அண்ணே, அந்த எடத்துல நான் வேற எழுதிக்கிறேன் என்று சொன்னாள். அவர் சரி என்றார். திங்கட்கிழமை வெட்டுக்குப் போகாமல் வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, புருஷனோடு தேனிக்குப் பஸ் ஏறினாள்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். அதே அதிகாரிதான். போன தடவை வந்தவர்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முதல் மனுவை மேலே அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை என்றார். புது மனுவை வாசித்துக்கொண்டு வந்தவர், அடித்து எழுதியிருந்த இடத்தில் நின்றார். டவர் வேண்டாம் என்று கேட்கவில்லையா என்று கேட்டார்.

ஆண்கள் எல்லோரும் செலினைப் பார்த்தார்கள்.

"டவரு இருக்கட்டும் சார். அதுலதான் எம்பேத்தி பொறந்த சேதி வந்துச்சு," என்றாள் அவள். "விக்க வேணாம்னும் சொல்லல. வித்ததுல எங்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு வித்துருக்கலாம்ல. ரொம்ப வேணாம் சார். ஒரு ஊரு கூடிப் பாட்டுப் பாடுற அளவுக்கு."

அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, பாடுவது யார் என்று கேட்டார்.

"நாந்தேன்," என்றாள் செலின்.